ஊமைப்பள்ளத்துக்கு மேலே மஞ்சள் பாதை

மேட்டையும் பள்ளத்தையும் தவிர வேறொன்றையும் கடவுள் படைக்காத அந்த மலையில், காலை எட்டு மணி வரைக்கும் பனி, மத்தியானம் மூன்று மணியிலிருந்து மறுபடியும் பனி, நடுவில் கிடைக்கிற கொஞ்ச வெயிலில் துணி காயப்போடுவதா விறகு காயப்போடுவதா என்று பெண்கள் தினமும் சண்டை போட்டுக்கொள்கிற அந்த மலையில், அமலோற்பவம் என்பவள் தன் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு மஞ்சள் எல்.இ.டி. விளக்குகளை மாட்டினாள். மாட்டிய பிறகு நடந்ததை அங்கே யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய அதிசயங்களை எஸ்டேட் நிர்வாகம் ஏற்கனவே காகிதத்திலேயே செய்து காட்டியிருந்தது.

அந்தக் காகித அதிசயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் திரும்பி வராத ஊமைப்பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பஜாரும் தார் ரோடும், அந்தப் பக்கம் தேயிலைத் தொழிலாளர்களின் முப்பத்திரண்டு லைன் வீடுகள் கொண்ட மூங்கில்மேடு, நடுவில் ஒரு தொங்கு பாலம். மராமத்து என்று சொல்லி எஸ்டேட் ஆட்கள் வந்து பலகைகளைக் கழற்றினார்கள், அப்புறம் கம்பிகளைக் கழற்றினார்கள், அப்புறம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இரண்டு ஆடி மாதம் வந்து போயிற்று, பாலம் வரவில்லை, ஒரு கடிதம்தான் வந்தது. பாலம் இல்லாத ஊருக்கு வழி இல்லை, வழி இல்லாத ஊரில் மனிதர் குடியிருப்பது ஆபத்து, ஆகவே எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கீழே இறங்கிவிடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. மேனேஜர் இதைச் சொல்லும்போது கண் கலங்கினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், மூங்கில்மேட்டில் கண்ணாடி வீடு கட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு விட வரைபடமே போட்டாகிவிட்டது என்பது அவர் வீட்டுச் சமையல்காரர் வரைக்கும் தெரியும். இருபத்தோரு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயின. பதினொன்று போகவில்லை.

போகாத பதினொன்றில் ஒன்று அமலோற்பவத்தின் வீடு. நாற்பத்து மூன்று வயது, பஜார் பேக்கரியிலிருந்து பன்னும் ரஸ்க்கும் தேங்காய் பிஸ்கட்டும் தகரப் பெட்டியில் அடுக்கி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு எஸ்டேட்டின் ஆறு டிவிஷனுக்கும் கொண்டுபோய் விற்கிறவள், புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு அடுப்பு பற்ற வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கும் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பியவள். அவள் பிறந்ததும் அந்த லைன் வீட்டில்தான், அவள் அம்மா செத்ததும் அதே வீட்டில்தான், தானும் அங்கேயேதான் இருக்கப் போகிறோம் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. கையெழுத்து வாங்க வந்த எஸ்டேட் குமாஸ்தாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வழி இல்ல வழி இல்லங்கிறீங்களே, தெனமும் நான் வீட்டுக்கு வர்றேனே, பறந்தா வர்றேன்?"

பறந்து வரவில்லை, காட்டைச் சுற்றிப் பத்தொன்பது கிலோமீட்டர் ஜீப்புத் தடத்தில் வந்தாள். பனியில் வண்டியின் வெள்ளை விளக்கைப் போட்டால் வெளிச்சம் முன்னால் போகாமல் சுவரில் மோதின மாதிரி திரும்பி அவள் முகத்திலேயே அடிக்கும். அப்படி ஒரு சாயங்காலம் ஒரு யானையின் பின்னங்காலுக்கு மூன்று முழம் இருக்கையில் பிரேக் பிடித்து, யானை அவளைப் பார்க்காமல் அவள் யானையை மட்டும் நன்றாகப் பார்த்து, மறுநாளே மஞ்சள் விளக்கு வாங்குவதென்று முடிவு செய்தாள்.

பஜாரில் சகாயத்தின் மெக்கானிக் ஷெட்டில் வைத்து அவளேதான் மாட்டினாள். சகாயம் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான், ரிலேயைப் பேட்டரிக்குப் பக்கத்தில் எங்கே செருகுவது என்று காட்டினான், ஃப்யூஸ் இல்லாமல் இழுத்தால் வயர் புகைந்து வண்டியே போய்விடும் என்று பயமுறுத்தினான். முன்னால் காலைக் காக்கிற கம்பியான லெக் கார்டில் இரண்டு பக்கமும் கிளாம்ப் வைத்து விளக்குகளை இறுக்கினாள், ஸ்விட்சைக் கைப்பிடியில் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி பொருத்தினாள், பிறகு வெளிச்சம் வண்டிக்கு முன்னால் எட்டடி தள்ளித் தரையில் விழுகிற மாதிரி திருகிச் சரி பார்த்தாள். தவறு அங்கேதான் நடந்தது. அந்த மலையில் ஒரே ஒரு ரோட்டு வளைவைத் தவிர சமதரை என்று ஒரு கேரம் பலகை வைக்கிற அளவுக்குக்கூட இடம் கிடையாது, சாப்பிடும்போது தட்டில் ரசம் ஒரு பக்கமாகவே நிற்கும், அதை அங்கே பிறந்தவர்கள் சாய்வு என்றே நினைப்பதில்லை. சகாயத்தின் ஷெட் தரையும் முன்னால் சரிந்து, வாசலில் மறுபடி மேடாக ஏறியது, வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றிருந்தது, தாழ்ந்து நின்ற வண்டிக்குச் சரியாக வைத்த விளக்கு, நேராக நிற்கும்போது தரையைத் தொடாமல் தலை நிமிர்ந்து பார்க்கும். சமவெளியில் வேலைக்கு வந்தவனுக்கு முதல் வாரமே தெரிகிற இந்த விஷயம் இருபது வருஷ மெக்கானிக்கான சகாயத்துக்கும் தோன்றவில்லை, அமலோற்பவத்துக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு மூன்றரை மணி. காட்டுத் தடத்துக்குப் போகிற வழியில் ஒன்பதாம் வளைவில், பழைய பாலம் தொடங்கிய இடத்தில், அந்த மலைக்கே உரிய ஒரே ஒரு சமமான துண்டு ரோடு இருக்கிறது. அங்கே வந்ததும் ஊமைப்பள்ளத்திலிருந்து பனி பொங்கி மேலே வந்தது. அவள் கட்டைவிரலால் ஸ்விட்சை அழுத்தினாள். வெளிச்சம் ரோட்டில் விழவில்லை, நேராகப் பள்ளத்துக்கு மேலே போயிற்று, போய்ச் சிதறாமல் பனிமேல் படிந்தது, கோரைப் பாயை உருட்டி விரித்த மாதிரி இந்தக் கரையிலிருந்து மூங்கில்மேட்டுக் கரை வரைக்கும் நான்கடி அகலத்தில் மஞ்சளாகக் கிடந்தது. வளைவில் படுத்திருந்த ஒரு செவலை நாய் எழுந்து சோம்பல் முறித்து அதன்மேல் நடந்து போயிற்று, பாதி தூரத்தில் உட்கார்ந்து காதைச் சொறிந்தது, மறுபடி நடந்து அக்கரை சேர்ந்தது. நாய்க்கு இருக்கிற தைரியம் நமக்கு இல்லையென்றால் பன்னு விற்று என்ன பிரயோஜனம் என்று நினைத்துக்கொண்டு அமலோற்பவம் முதல் கியரைப் போட்டாள். டயருக்குக் கீழே ஈர மண்ணில் போகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், வந்த பாதை பின்னால் இல்லை. அப்புறம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கரையில் பக்கத்து வீட்டுச் சின்னவெள்ளை விறகு பிளந்துகொண்டிருந்தான். பள்ளத்துக்கு மேலாக வண்டி வருவதைப் பார்த்தான், கோடாலியைக் கீழே வைத்தான், அவள் வந்து நின்றதும் கேட்டான்.

"சீக்கிரம் வந்துட்ட போல. பன்னு மிச்சம் இருக்கா?"

"ரெண்டு இருக்குண்ணே."

"குடு. சூடா டீ போடச் சொல்றேன்."

மூங்கில்மேட்டில் அந்தப் பாதை இப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. பனி இருந்தால்தான் அது பாதை, பனி இல்லாவிட்டால் வெறும் வெளிச்சம் என்பதை இரண்டாம் நாள் தெரிந்துகொண்டார்கள், பனிக்குத்தான் அங்கே பஞ்சமே கிடையாதே. காலையில் அமலோற்பவம் மூங்கில்மேட்டுக் கரையில் வண்டியை நிறுத்தி, பேட்டரி இறங்காமலிருக்க இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பாள், தேயிலை கிள்ளப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடந்து தாண்டுவார்கள், கடைசியாக அவள் வண்டியோடு தாண்டுவாள். சாயங்காலம் எல்லாரும் பஜார் கரையில் கூடிக் காத்திருப்பார்கள், அங்கிருந்து விளக்கைப் போட்டு அவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக அவள் வருவாள். அவள் வீட்டிலிருக்கும் நேரம் பஜார் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும், அடித்தது யார் என்று கேட்காமல் விளக்கைப் போட வேண்டும் என்பது ஒரு மாதத்துக்குள் வழக்கமாகிவிட்டது.

வழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குமேல் நூறு வழக்கம் முளைக்கும். வெளிச்சம் நெருப்புக்குச் சொந்தம், ஆகவே செருப்போடு மிதிக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, எல்லாரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், நடந்த பெண்கள் குளிர்காலத்தில் பாதத்துக்கு இதமாக இருக்கிறது என்றார்கள். மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், மாரியம்மன் கோயில் பூசாரி தேங்காய் உடைத்தார், இருவரும் யார் முதலில் என்று சண்டை போடாமல் ஒருவர் இந்தக் கரையிலும் ஒருவர் அந்தக் கரையிலும் செய்ததை ஊர் பாராட்டியது. பொட்டுக்கடலை அரைத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு இடுப்புவலி கண்டு, போர்வையில் தூக்கி அக்கரை கொண்டுபோய், பஜார் ஆஸ்பத்திரி வாசலில் பெண் குழந்தை பிறந்தது. வார்டு மெம்பர் வந்து பார்த்துவிட்டு வண்டிகள் வேகமாகப் போகக் கூடாது என்று நடுவில் ஒரு வேகத்தடை வைக்க முயன்று, சிமெண்ட் சட்டியைக் கொட்டிய இடத்தில் அது நேராகப் பள்ளத்துக்குள் போய்விட, சத்தமும் வராததால் வேகத்தடை வைத்தாயிற்று என்றே எழுதிக்கொண்டு போனார். பஜாரில் நான்கு பேர் அதே மாதிரி விளக்கை அதே ஷெட்டில் மாட்டினார்கள், அவர்களுக்கு ரோடு தெரிந்தது, பள்ளத்துக்குமேல் ஒன்றும் படியவில்லை. ஒரே அடுப்பில் வைத்த இரண்டு பானையில் ஒன்று குழைகிறது, ஒன்று குழையவில்லை, இதற்கெல்லாம் காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும்.

சகாயம் மட்டும் ஒருநாள் சாய்வு பார்க்கிற ரசமட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். வண்டியின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு முகம் வெளிறினான்.

"அக்கா, ஆங்கிள் தப்பா இருக்கு. விளக்கு மேல பாக்குது. அஞ்சு நிமிஷம் குடு, திருகி எறக்கிடறேன்."

"தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றாள் அமலோற்பவம்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுப் போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஒன்பதாம் வளைவுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல், பாதையில் ஏறாமல், தங்கள் வீட்டுக் கூரை அக்கரையில் தெரிகிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அமலோற்பவத்துக்கு அவர்கள்மேல் கோபம் இருந்தது, அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததால் அவர்களிடம் பன்னு வேண்டுமா என்பதைத் தவிர வேறெதுவும் பேச அவளால் முடியவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு ஒரு இன்ஜினியரை அனுப்பினார், இன்ஜினியர் மூன்று நாள் அளந்துவிட்டு இப்படி ஒரு கட்டுமானம் இருக்க வாய்ப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதன்மேலேயே நடந்து திரும்பினார். ஆனால் எஸ்டேட்டின் பெரிய ஆபீசிலிருந்து மழைக்காலம் முடிவதற்குள் மூங்கில்மேடு காலியாக வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. மேனேஜர் இரண்டு காகிதம் தயார் செய்தார். நோட்டீசை நேரில்தான் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது கிராம அதிகாரி சாட்சி இருக்க வேண்டும் என்பது சட்டம். காட்டுத் தடத்தில் யானைக் கூட்டம் குட்டியோடு நின்று நான்கு நாளாக நகரவில்லை. ஆகவே தோட்டத்துக்கு லீவான ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எஸ்டேட் ஜீப் ஒன்பதாம் வளைவில் வந்து நின்று மூன்று முறை ஹாரன் அடித்தது.

அமலோற்பவம் யார் என்று கேட்கவில்லை, விளக்கைப் போட்டாள். பனிக்குள்ளிருந்து முதலில் கிராம அதிகாரி திருமேனி வேட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் மேனேஜர் பூட்ஸ் காலோடு, கீழே பார்க்காமல், திருமேனியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்து மண்ணை மிதித்ததும்தான் தோளை விட்டார். பதினொரு வீட்டு ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

மேனேஜர் முதல் காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். "மூங்கில்மேடு குடியிருப்புக்கு மனிதர் வந்து போக எந்த வழியும் இல்லாததால், பதினைந்து நாளில் வீடுகளைக் காலி செய்ய வேண்டும்."

சின்னவெள்ளை பள்ளத்தையும் மேனேஜரின் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தான்.

மேனேஜர் இரண்டாவது காகிதத்தை அமலோற்பவத்திடம் நீட்டினார். "இது போக்குவரத்து ஆபீஸ் உத்தரவு. உன் வண்டியில அனுமதி இல்லாம ரெண்டு விளக்கு கூடுதலா இருக்கு. எதிர்ல வர்றவங்க கண்ணு கூசுது. கழட்டணும்."

"எதுல தொரை எதிர்ல வர்றாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உத்தரவு."

அமலோற்பவத்துக்கு அப்போது வந்த கோபத்தில் அந்த மனிதரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது, தள்ளுவதற்குப் பக்கத்திலேயே இடமும் இருந்தது. அவள் காகிதத்தை வாங்கினாள், ஒவ்வொரு வரியாகப் படித்தாள், படித்து முடித்துவிட்டுத் திருமேனியிடம் திரும்பினாள்.

"சார், இதுல எப்ப கழட்டணும்னு போட்டிருக்கு?"

திருமேனி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "உடனடியாகன்னு போட்டிருக்கும்மா."

"உடனடியான்னா?"

"இப்பவே."

"சரி. நான் எந்த உத்தரவையும் மீறினவ இல்ல" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் வண்டிப் பெட்டியைத் திறந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள். இன்ஜினை அணைத்தாள், ஸ்விட்சை அணைத்தாள். பள்ளத்துக்கு மேலே கிடந்த மஞ்சள் சுருட்டிக்கொண்டு போயிற்று. அவள் மண்டி போட்டு உட்கார்ந்து இடது விளக்கைக் கழற்றினாள், வலது விளக்கைக் கழற்றினாள், வயர் முனைகளில் டேப் சுற்றினாள், இரண்டையும் முந்தானையால் துடைத்து மேனேஜரின் காலடியில் வைத்தாள்.

"கழட்டிட்டேன் தொரை. கையெழுத்து எங்க போடணும்?"

அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அக்கரையில் ஜீப்பின் ஹாரன் கேட்டது, ஜீப் தெரியவில்லை. பனி வாய்வரைக்கும் நிறைந்து நின்றது.

"நான் போகணுமே" என்றார்.

"எங்க?"

"அக்கரைக்கு."

"எது வழியா?" என்று கேட்டாள் அமலோற்பவம். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, இரண்டு வருஷமாகத் தினமும் அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

மேனேஜர் சத்தம் போட்டார், போலீசில் சொல்வேன் என்றார், போனை எடுத்து உயரத் தூக்கிப் பார்த்தார், மூங்கில்மேட்டில் சிக்னல் கிடையாது, டவர் வைக்க அனுமதி மறுத்தது அவர் ஆபீஸ்தான். காட்டு வழியில் போகலாம் என்று ஒருத்தி நல்ல எண்ணத்தோடு சொன்னாள், யானை இருக்கிறதே என்று இன்னொருத்தி நினைவுபடுத்தினாள். சின்னவெள்ளையின் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள், தொட்டுக்கொள்ள பன்னும் கொடுத்தாள். மேனேஜர் டீயைக் குடித்தார். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிற இருபத்தோரு கதவுகளும் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன.

"விளக்கை மாட்டும்மா" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

"மாட்ட மாட்டேன். உத்தரவு இருக்கு."

"அதை நான் பாத்துக்கறேன்."

"எழுதிக் குடுங்க. அதோட இன்னொண்ணும் எழுதணும். நீங்க இங்க எப்படி வந்தீங்கன்னு எழுதணும். உங்க முதல் பேப்பர்ல வழி இல்லன்னு இருக்கு, அந்தப் பேப்பரக் கையில பிடிச்சிக்கிட்டு நீங்க எதுமேல நடந்து வந்தீங்களோ அத எழுதணும். எங்களுக்குப் பிச்சை போடற மாதிரி எழுத வேணாம். நடந்தத எழுதுங்க, போதும்."

"மிரட்டறியா?"

"நீங்க உக்காந்திருக்கிறது எங்க ஊரு தொரை. இங்க உக்காந்து டீ குடிக்கிறவங்கள நாங்க மிரட்ட மாட்டோம். எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. பூட்டியிருக்கிற வீட்டுல ஒண்ணைத் திறந்து கூட்டிவிடச் சொல்றேன். எல்லாம் நல்ல வீடுதான், நீங்களே சாவி வாங்கி வச்சிருக்கீங்க."

திருமேனி தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷம் எந்த மேனேஜரிடமும் எதிர்த்துப் பேசாத மனிதர் அவர், அன்றைக்கும் எதிர்த்துப் பேசவில்லை. பேனாவைத் திறந்து மேனேஜரிடம் நீட்டினார், சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் முதல் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினார். அவர் எழுதி முடித்ததை அமலோற்பவம் வாங்கி எல்லாரும் கேட்கும்படி படித்தாள். "மூங்கில்மேட்டுக்கு ஊமைப்பள்ளத்தின் வழியாகப் பாதை உள்ளது. நான் அதில் நடந்து வந்தேன். அந்தப் பாதைக்கான விளக்குகளை அகற்ற வேண்டியதில்லை." கீழே கையெழுத்து, தேதி, அதற்குக் கீழே திருமேனி வாயால் ஊதி ஊதி அழுத்திய முத்திரை. முதல் வரியை மட்டும் அவள் இரண்டு முறை படித்தாள், இரண்டு வருஷமாக எழுதப்பட்ட எத்தனையோ காகிதங்களில் அவள் வீடு இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட முதல் காகிதம் அது. அவள் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு வண்டியைத் தன் வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து மறுபடியும் மண்டி போட்டாள். மூங்கில்மேட்டு வாசல்களும் அப்படிச் சரிந்து ஏறுகிறவைதான், வண்டி அங்கேயும் மூக்கைத் தாழ்த்தித்தான் நிற்கும், அந்த மலையில் பிறந்தவள் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் விளக்கு நிமிர்ந்துதான் பார்க்கும். கிளாம்பை இறுக்கினாள், வயரைச் சேர்த்தாள், வண்டியை உருட்டிக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தி, உதைத்துக் கிளப்பி, கட்டைவிரலை அழுத்தினாள். மஞ்சள் விரிந்தது.

திருமேனி முதலில் நடந்தார். மேனேஜர் நான்கைந்து அடி போனார், நின்றார், போனார். பாதி தூரம் போனதும் அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும், கீழே எதுவும் தெரியாத அந்தப் பள்ளத்தின் நட்ட நடுவில், தன் உயிர் முழுக்க ஒரு பன்னுக்காரியின் கட்டைவிரலில் இருக்கிறது என்று புரிந்து, திரும்பி இரண்டு கையையும் தூக்கினார்.

"அம்மா, அணைச்சிடாதே" என்று கத்தினார்.

"பயப்படாமப் போங்க தொரை" என்று அமலோற்பவம் இந்தக் கரையிலிருந்து குரல் கொடுத்தாள். "பாலத்தைக் கழட்டினது நாங்க இல்ல."